‘போட்டு வாறன்’ என்பதை அவர்கள் மொழியில் என்னவென்று சொல்வது?

அன்பின் ரஞ்சி மச்சாள்,

நலமா என்று கேட்டுத் தொடங்க இந்த முறை வழியில்லை. அதனால் நேரே சண்டையிலிருந்தே தொடங்குகிறேன். உனக்கென்ன, நீ போய்விட்டாய். நீ இழுத்து வந்து என் தலையில் கட்டிவிட்ட சனிக்கிழமைக் கூட்டம் இன்னும் என் தலையில்தான் இருக்கிறது.

இன்றும் சனிக்கிழமைதான். மத்தியானச் சாப்பாடு முடித்து, மின்விசிறியை என் பக்கம் திருப்பிவிட்டு, மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு இருக்கிறேன். அங்கே சுவிஸில் இப்போதுதான் காலை. அவர்கள் வர இன்னும் நேரம் இருக்கிறது. நல்லூரில் ஒன்றும் மாறவில்லை. பக்கத்து ரியூசன் மாஸ்டர் வழக்கம்போல ஒலிவாங்கியை விழுங்குவதுபோல வைத்துக்கொண்டு இரசாயனவியல் கத்துகிறார். “உந்த மாஸ்டர் கத்துற கத்தலிலை நானும் இஞ்சையிருந்தே சோதினை பாஸ் பண்ணிடுவன் போல கிடக்கு” என்று நீ திரையில் இருந்து சிரிப்பாய். இப்போது அவர் கத்தும்போது சிரிக்க ஆளில்லை. எரிச்சல்தான் வருகிறது.

இதை நீ மட்டும் வாசிக்கப்போவதில்லை என்பதால், உனக்குத் தெரிந்ததையும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. நீ அகதியாகப் போய்ச் சேர்ந்த சுவிஸில், மனநல மருத்துவருக்கும் எங்கள் சனத்துக்கும் நடுவே உட்கார்ந்து மொழிபெயர்த்தாய். உன்னோடு வேலை செய்தவர்களும் அகதிகள்தான். சிலருக்கு வதிவிட உரிமை கிடைத்துவிட்டது. சிலருடைய அகதி வழக்கு இன்னும் இழுபடுகிறது. ஒருநாள் எனக்குக் கோல் எடுத்துச் சொன்னாய்:

“நேசம், வருத்தக்காரருக்கு டொக்டர் இருக்கிறார். டொக்டருக்குக் கதைக்க இன்னொரு பெரிய டொக்டர் இருக்கிறார். நடுவிலை கிடக்கிற கதிரைக்கு ஆர் இருக்கினம்? நீ இரன்.”

நான் சாவகச்சேரிப் பக்கம் உளவளத்துணையாளராக பஸ்ஸில் போய் வந்துகொண்டிருந்தவள். திரையில் முகம் பார்த்துக் கதைப்பது என்றாலே எனக்கு ஒவ்வாது. மாட்டேன் என்றேன். நீ விடுகிற ஆளா? உங்கள் நிறுவனத்திலும் பேசி, அந்த அறைகளில் கேட்டதைத் தமிழிலேயே இறக்கிவைக்க சனிக்கிழமையில் ஓர் இடம் என்று ஏற்பாடு செய்துவிட்டுத்தான் ஓய்ந்தாய்.

‘நான்’ என்ற சொல்லின் பாரம் எனக்கு அங்கேதான் தெரிந்தது. நோயாளி ‘நான்’ என்றால் மொழிபெயர்ப்பவரும் ‘நான்’ என்றுதான் சொல்ல வேண்டும் என்பது உங்கள் தொழிலின் முதல் விதி. ‘என்னை அடித்தார்கள்’, ‘என் பிள்ளையைக் காணவில்லை’ என்று அடுத்தவரின் நோவை உங்கள் வாயால் உங்கள் நோவைப்போலவே சொல்ல வேண்டும். உங்களைப் பற்றி ஏதும் சொல்ல வந்தால் மட்டும், ஒரு சொல் விளங்கவில்லை என்றால்கூட, ‘மொழிபெயர்ப்பாளருக்கு விளங்கவில்லை’ என்று யாரோ மூன்றாம் ஆளைப்போலச் சொல்ல வேண்டும். நான் முதல்முறை கேட்டபோது இதென்ன கண்டறியாத விதி என்று உன்னோடு சண்டை பிடித்தேன், நினைவிருக்கிறதா?

உன்னோடு மொழிபெயர்த்த வதனி ஒருநாள் கூட்டத்தில் சொன்னாள்: “அக்கா, ‘அண்ணையைத் தேடித் திரியிறன்’ எண்டு இண்டைக்கு ஒராளுக்காகச் சொன்னனான். என்ரை அண்ணையையும் காணேல்லை எண்டு அந்த அறையிலை ஒருத்தருக்கும் தெரியாது. வாய் ஒண்டுதான் அக்கா, அண்ணை ரெண்டு.”

அன்றைக்கு அடுத்த சனிதானே நீ அந்த வழக்கத்தைக் கொண்டுவந்தாய். கூட்டம் தொடங்கினால் முதற்சுற்று சொந்த ‘நான்’. ஒவ்வொருவரும் தங்களைப் பற்றி ஒரே ஒரு வசனம், யாருக்காகவும் இல்லாமல் சொல்ல வேண்டும். “நான் இண்டைக்குக் குரக்கன் புட்டு அவிச்சனான்” என்று நீதான் தொடக்கிவைத்தாய். வதனி வாயைத் திறந்து திறந்து மூடினாள். சொந்தமாக ஒரு வசனம் எடுக்க அந்தப் பிள்ளை பட்ட பாட்டைப் பார்த்து எனக்கு அழுகை வந்துவிட்டது.

வதனி என்பது அவளுடைய பெயர் இல்லை. அவளிடம் கேட்டு, பெயரை மாற்றித்தான் எழுதுகிறேன். மேலே இருந்து திட்டாதே.

நீ போன பிறகு எனக்கு என்ன பிடிக்கவில்லை தெரியுமா? எல்லாப் பக்கமும் பூட்டு. அவர்களால் இங்கே வர முடியாது. வந்தால் வழக்கு முறிந்துவிடும். அறையில் கேட்டதை வீட்டில் புருசன் பெண்சாதியிடமும் சொல்ல முடியாது. இந்த வேலையை விடவும் முடியாது, வழக்கில் காட்ட அவர்களுக்கு இருப்பது அது ஒன்றுதான். எனக்கு அவர்கள் சொல்வதை நான் இங்கே யாரிடம் சொல்ல? உன்னிடம் சொன்னேன். இப்போது உன் எண்ணுக்கு எடுத்தால் இணைப்பு இல்லை என்று ஒரு பெண் டொச்சில், அந்த ஊர் ஜெர்மன் மொழியில், சொல்கிறாள். மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் நான் நல்லூரில் குந்திக்கொண்டிருக்கிறேன்.

உன் அடக்கத்துக்கு வர விசா கேட்டேன். தரவில்லை. இந்தத் திரையில்தான் பார்த்தேன். போதகர் டொச்சில் செபம் செய்தார். பிறகு எங்கள் சனம் தமிழில் ஞானப்பாட்டுப் பாடியது. என்னைப்போலத் தூரத்தில் இருந்து பார்த்த மற்றவர்கள் ஒவ்வொருவராகத் திரையை அணைத்துவிட்டுப் போனார்கள். செத்த வீட்டில் ‘போட்டு வாறன்’, அதாவது போய்விட்டு வருகிறேன், என்று சொல்லக்கூடாதே, அதனால் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. நானும் ஒன்றும் சொல்லாமல் சிவப்புப் பொத்தானை அமத்தினேன்.

அந்தச் சொல்தான், ரஞ்சி, இப்போது திரும்பி வந்து என்னைப் பிடித்திருக்கிறது. அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன்.

ஒரு மாதத்துக்கு முந்திய சனிக்கிழமை. முதற்சுற்றில் வதனியின் முறை வந்தது. அவள் தன் வசனத்தைச் சொல்லவில்லை.

“அக்கா, நான் ஒரு பிழை விட்டிட்டன்.”

முதல்நாள் வெள்ளிக்கிழமை பின்னேரம், ஒரு அம்மாவுக்காக மொழிபெயர்த்திருக்கிறாள். அந்த அம்மாவைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, தெரிந்தாலும் எழுதமாட்டேன். தெரிந்ததெல்லாம் ஒரு சொல். எல்லாம் முடிந்து, எழும்பி, கைப்பையை எடுத்துக்கொண்டு, கதவடியில் நின்று திரும்பி அவர் சொன்னாராம்:

“அப்ப நான் போறன், பிள்ளை.”

டொச்சில் விடைபெறும்போது சொல்கிற சொல்லை வதனியின் வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது. ‘அவுஃப் வீடர்சேன்.’ மறுபடி காணும்வரை என்று அதற்குப் பொருள். டொக்டரும் சிரித்து, அதையே திருப்பிச் சொல்லி, கைகொடுத்து அனுப்பிவிட்டார். ட்ராமில் வீட்டுக்கு வரும் வழியில்தான் வதனிக்கு உறைத்திருக்கிறது. எங்கள் வீடுகளில் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புகிற பிள்ளைகூட ‘போறன்’ என்றால் அம்மாமார் மறித்து நிறுத்தி, ‘போட்டு வாறன் எண்டு சொல்லு’ என்று திருத்திவிட்டுத்தானே அனுப்புவார்கள். அந்த வயதுப் பெண் ஒருவர், அப்படிப்பட்ட ஓர் அறையில் இருந்து வெளிக்கிடும்போது, ‘வாறன்’ என்ற பாதியை விட்டுவிட்டுப் போயிருக்கிறார். டொக்டருக்கு அது போய்ச் சேரவில்லை. நேர்மாறானதுதான் போய்ச் சேர்ந்திருக்கிறது.

“இரவு முழுக்க நித்திரை இல்லை அக்கா. அவ சும்மா சொன்னாவோ, நினைச்சுத்தான் சொன்னாவோ?”

குணம் அண்ணையை உனக்குத் தெரியும். வடகரைக் கடற்றொழில் குடும்பம், அங்கே உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டு மொழிபெயர்ப்பும் செய்கிறவர். எதையும் முதலில் பகிடியாக்குகிற மனிசன். அன்றைக்கும் அப்படித்தான்.

“பிள்ளை, இஞ்சை வந்த சனம் எல்லாம் இப்ப ‘போறன்’ எண்டுதான் சொல்லுது. ட்ராமுக்கு ஓடுற அவசரத்திலை ஆர் போட்டு வாறன் எண்டு இழுத்துக்கொண்டு நிப்பினம்?”

“அப்ப விடுவமோ?” என்று வதனி கேட்டாள்.

குணம் அண்ணை குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “எங்கடை வீட்டிலை தொழிலுக்கு வெளிக்கிடேக்கை ஆரும் வாய் தடுமாறிப் ‘போறன்’ எண்டு சொன்னால், அம்மா அண்டைக்கு வள்ளத்தை இறக்க விடமாட்டா. பிழைச்சாலும் ஒரு நாள் தொழில்தானே போகும் எண்டு சொல்லுவா.”

வதனி என்னைப் பார்த்தாள். திரையில் பார்ப்பது யாரை என்று தெரியாது என்பார்கள். எனக்குத் தெரிந்தது.

“நான் எடுத்து என்னெண்டு சொல்லுறது அக்கா? ஒரு மனிசி ‘வாறன்’ எண்டு சொல்லேல்லை, ஓடிப்போய்ப் பாருங்கோ எண்டோ? விசர் எண்டு நினைப்பினம். இல்லாட்டி, இவ்வளவு நாளும் என்னென்னத்தைப் பிழையா மொழிபெயர்த்தவவோ எண்டு நினைப்பினம். என்ரை வழக்கு கிடக்குது. எனக்கு இந்த வேலை மட்டும்தான் கிடக்குது.”

நீ இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாய்? நான் உண்மையாகவே திரையில் உன் முகம் தெரியும் கட்டம் இருந்த இடத்தைப் பார்த்தேன். நீ எப்போதும் வலப்பக்க மூலையில்தானே இருப்பாய்.

எனக்குப் பயமாக இருந்தது. அவளைக் கோல் எடுக்கச் சொன்னால் அவளுக்கு ஆபத்து. சொல்லாவிட்டால், முகம் தெரியாத ஒரு மனிசிக்கு. இருதலைக் கொள்ளி எறும்பு என்று படித்திருக்கிறோம், அன்றைக்குத்தான் எறும்பாகிப் பார்த்தேன். கடைசியில் உன் வாயில் இருந்து கேட்டுக் கேட்டுப் புளித்த விதியே கைகொடுத்தது. கூட்டாதே, குறைக்காதே, பிழை விட்டால் திருத்து.

“வதனி, அந்த அம்மா என்ன செய்யப்போறா எண்டு நீர் சொல்லத் தேவையில்லை. அது உமக்குத் தெரியாது. நீர் ஒரு சொல்லைப் பிழையாச் சொல்லிப்போட்டீர். அதைத் திருத்தும். மிச்சம் டொக்டரின்ரை வேலை.”

“நீங்கள் எல்லாரும் நிப்பீங்களோ?”

“நிக்கிறம்.”

அவள் திரையை அணைக்காமலே மற்றத் தொலைபேசியில் அந்த மருத்துவமனையின் வார இறுதி அவசர எண்ணுக்கு எடுத்தாள். எனக்கு டொச் ஒரு சொல்லும் தெரியாது. குணம் அண்ணைதான் மெல்லிய குரலில் எனக்கு மொழிபெயர்த்தார். நீ பார்த்திருந்தால் சிரித்திருப்பாய், மொழிபெயர்ப்பாளருக்கே ஒரு மொழிபெயர்ப்பாளர்.

“‘மொழிபெயர்ப்பாளர் நேற்று ஒரு சொல்லைப் பிழையாச் சொல்லிட்டா’ எண்டு சொல்லுறா... அவை என்ன சொல் எண்டு கேக்கினம்... ‘எங்கடை ஊரிலை, திரும்பி வர நினைக்கிறவை போறன் எண்டு சொல்லமாட்டினம். போட்டு வாறன் எண்டுதான் சொல்லுவினம். அவ வாறன் எண்டதை விட்டிட்டா’...”

ரியூசன் மாஸ்டர் மட்டும் கார்பன், கார்பன் என்று கத்திக்கொண்டிருந்தார். மறுமுனையில் டொக்டர் சிரிக்காமல் இருக்க வேண்டும் என்று நான் நேர்ந்துகொண்டேன், மெதடிஸ்ட் கிறிஸ்தவ வீட்டில் நேர்த்திக்கடன் இல்லை என்பதையும் மறந்துபோய்.

டொக்டர் சிரிக்கவில்லை. அந்தச் சொல்லை எழுத்துக்கூட்டித் தரும்படி கேட்டார்.

இதோடு முடிந்திருந்தால் இது நல்ல கதை, ரஞ்சி. திங்கட்கிழமை வதனிக்கு அங்கிருந்து சொன்னார்கள்: அந்த அம்மா வீட்டில்தான் இருக்கிறார். முழங்கால் நோவில் சும்மா சொன்ன சொல்லுக்கு ஆட்களை அனுப்பிக் கதவு தட்டி, அயலட்டைக்கு முன்னால் தன்னை வெட்கப்படுத்திவிட்டதாகச் சொல்லியிருக்கிறார். இனி அந்தப் பிள்ளை தனக்கு வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். நிறுவனம் நல்ல விதமாகத்தான் கதைத்தது, ஆனால் விசாரிக்கும் வரை வதனிக்கு அந்த மருத்துவமனையில் வேலை இல்லை.

அந்த அம்மா உண்மையில் சும்மாதான் சொன்னாரா? அல்லது கதவு தட்டிய பிறகுதான் அது ‘சும்மா’ ஆயிற்றா? அது எங்களுக்கு ஒருநாளும் தெரியப்போவதில்லை. உங்கள் தொழிலில் நடுவில் நிற்பவர்களுக்குக் கதையின் முடிவைச் சொல்கிற வழக்கம் இல்லை.

அடுத்த சனி வதனி வந்தாள். முதற்சுற்றைத் தொடங்கக்கூட விடவில்லை.

“நீங்கள் நல்லூரிலை காத்து வாங்கிக்கொண்டு இருந்து திருத்தச் சொல்லிட்டியள். திருத்தினனான். இப்ப என்ரை வேலை? நாளைக்கு வழக்கிலை கேட்டால் நீங்கள் வந்து சொல்லுவியளோ? உங்களுக்கு என்ன அக்கா, நீங்கள் ஊரிலை நிக்கிறியள்.”

ஊரில் நிற்கிறேன்தான். அதைச் சொல்வதற்குள் அவளுடைய கட்டம் இருண்டுவிட்டது. ஒன்றும் சொல்லாமல் போய்விட்டாள். ‘போறன்’ என்றுகூடச் சொல்லவில்லை.

அதற்கடுத்த இரண்டு சனியும் அவள் இல்லை. கோலும் எடுக்கவில்லை. வராதவரைத் துரத்தக்கூடாது, அது அவர்களுடைய உரிமை என்று எங்கள் தொழிலிலும் ஒரு விதி இருக்கிறது. நான் அந்த விதியைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். சாவகச்சேரி பஸ்ஸில் இருந்தேன், சந்தையில் மரவள்ளிக் கிழங்கு வாங்கினேன், ஆலயத்துக்குப் போனேன், எங்கே போனாலும் அந்த இருண்ட கட்டம் முன்னால் நின்றது. அவள் கோபத்தில் சொல்லாமல் போனாளா? நினைத்துத்தான் சொல்லாமல் போனாளா? ட்ராமில் அவள் இருந்த இருக்கையில் இப்போது நான் இருக்கிறேன் என்று அப்போதுதான் விளங்கியது.

புதன்கிழமை குணம் அண்ணைக்கு எடுத்தேன். அவரும் அதே நகரம்தான்.

“அண்ணை, ஒருக்கா அவளின்ரை வீட்டை போய்ப் பாக்க ஏலுமோ?”

“கேப்பியள் எண்டு பாத்துக்கொண்டுதான் இருந்தனான். சப்பாத்துப் போட்டிட்டன், பிள்ளை.”

அவர் போய்ப் பார்த்தார். ஆள் இருக்கிறாள், மெலிந்துபோனாள், கோபமாக இருக்கிறாள், தேத்தண்ணி போட்டுத் தந்தாள் என்று சொன்னார். அதற்குமேல் ஒன்றும் தெரியாது. இன்றைக்கு வருவாளா என்றும் தெரியாது. அந்தக் கொதியில்தான் உனக்கு எழுதத் தொடங்கினேன். பொறு, கூட்டத்துக்கு நேரமாகிவிட்டது. முடித்துவிட்டு எழுதுகிறேன்.

*

வந்தாள், ரஞ்சி.

கடைசியாகத்தான் வந்தாள். முகம் தெரிவதற்கு முன்னமே குரல் வந்துவிட்டது. “அக்கா, நிக்கிறீங்களோ?”

“நிக்கிறன், பிள்ளை.”

இணைப்பு இழுபடும்போதெல்லாம் நீ கேட்பாயே, ‘நேசம், நிக்கிறியோ, போட்டியோ’ என்று. அதே கேள்வி.

முதற்சுற்றில் அவளுடைய முறை வந்தபோது நான் அவளைப் பார்க்காமல் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். அவள் சொன்னாள்:

“நான்... நான் இன்னும் கோவமாத்தான் இருக்கிறன். எனக்கு ஆள் அனுப்பினது பிடிக்கேல்லை. அந்த அம்மாவுக்கும் இப்பிடித்தான் இருந்திருக்கும். ஆனா குணம் அண்ணை தட்டேக்கை நான் கதவைத் திறந்தனான்.”

ஒரு வசனம்தான் என்பது நீ போட்ட விதி. அவள் அதை மீறிவிட்டாள். நான் மறிக்கவில்லை.

விசாரணை இன்னும் முடியவில்லை. வழக்கும் அப்படியே கிடக்கிறது. நான் அவளுக்கு ஒரு ஆறுதலும் சொல்லவில்லை, சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. முடியும்போது எல்லாரும் ‘போட்டு வாறன்’ சொல்லிச் சொல்லிப் போனார்கள். குணம் அண்ணை வழக்கத்தைவிடப் பெலத்துச் சொன்னார். வதனி மட்டும் நின்றாள்.

“நான் அதைச் சொல்லமாட்டன் அக்கா. சொன்னால் நீங்கள் நம்பிடுவியள். சொல்லாட்டி ஆள் அனுப்புவியள்.”

“ஓம், அனுப்புவன்.”

“தெரியும்” என்று சொல்லி, முதல்தரமாக அரைச்சிரிப்புச் சிரித்து, திரையை அணைத்தாள்.

அவள் சொன்னது சரி. உன் கடைசிக் கோல் எனக்கு நினைவிருக்கிறது, மச்சாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து எடுத்தாய். மருந்தால் நாக்கு தடித்திருந்தது. கோலை வைக்கும்போது, ஒரு எழுத்தும் விடாமல் வடிவாகச் சொன்னாய்: “சரி நேசம், போட்டு வாறன், என்ன.” நான் நம்பிவிட்டேன். நம்பி, அன்று பின்னேரம் பண்டத்தரிப்பில் ஒரு கலியாண வீட்டுக்குச் சாறியும் கட்டிக்கொண்டு போனேன். உனக்குத் தெரிந்துதானே சொன்னாய்? இல்லை, சும்மா வாய்ப்பழக்கமா? இதையும் இனி யாரிடம் கேட்பது?

அதனால் இந்தக் கடிதத்தை எப்படி முடிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. செத்தவர்களிடம் ‘போட்டு வாறன்’ சொல்லக்கூடாது. ‘போறன்’ என்று சொல்ல எனக்குப் பயம். நான் போகப்போகும் இடமும் ஒன்றும் இல்லை, விசாவும் தரமாட்டார்கள், நல்லூரை விட்டால் சாவகச்சேரி. இந்தக் கதிரையும் இந்த மாஸ்டரின் இரசாயனவியலும்தான் எனக்கு விதித்தது. உனக்கு நான் தரக்கூடிய வாக்கு ஒன்றுதான். அவர்கள் யாராவது சொல்லாமல் போனால் நான் ஆள் அனுப்புவேன். கோபித்தாலும் அனுப்புவேன். சனிக்கிழமை யார் வந்து ‘நிக்கிறீங்களோ’ என்று கேட்டாலும், நீ எங்கிருந்தாவது கேட்டாலும், மறுமொழி இதுதான்.

நிக்கிறன்.

உன் மச்சாள்,
நேசம்
நல்லூர்